உன் அம்மா வைத்த பலா இப்போது என் கொட்டகையில்

அடியே சுண்டக்கா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதை எழுதி என்ன ஆகப்போகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் புக்கிட் மெர்தாஜம் வீட்டுக் கொல்லையில் நின்ற பலா மரத்தை வெட்டிவிட்டார்கள். உன் பெரியண்ணன் உன்னிடம் மூச்சு விட்டிருக்க மாட்டார், அவர் சங்கதி தெரிந்ததுதானே. வீட்டை வாங்கியவர்கள் நிலத்தை மட்டம் போடுகிறார்கள். கிராணி வீட்டு அக்காதான் போன் போட்டு, "ஓடி வாடி, துண்டு போட்டு லோரியில் ஏத்தப் போறானுங்க" என்றார். நான் பினாங்குத் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் கிளையெல்லாம் போய்விட்டது. அடிமரத்தையும் விறகுத் துண்டாக அறுக்க ஒரு பையன் ரம்பத்தை முடுக்கிக்கொண்டிருந்தான். நிறுத்து தம்பி, அந்தக் கட்டை எனக்கு வேண்டும் என்று போய் நின்றுகொண்டேன். குப்பைக்குப் போகிற மரம்தானே, எடுத்துக்கோங்க அம்மா என்று விட்டுவிட்டான்.

அப்புறம் மரம் அறுக்கிற சாமில் தவுக்கேயோடு, அதாவது ஆலை முதலாளியோடு, ஒரு மல்லுக்கட்டு. வீட்டுக் கொல்லை மரம் என்றாலே அவருக்கு ஆகாது. எந்தக் காலத்திலோ அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும், பட்டால் ரம்பப் பல் போச்சு. உலோகம் காட்டும் கருவியை வைத்துத் தடவிப் பார்த்ததில் ஒன்று அகப்பட்டது. உன் அம்மா துணிக்கொடி கட்ட அடித்த ஆணி! மரம் அதை முழுசாக விழுங்கி மூடியிருந்தது, சுற்றிலும் ஒரு சாண் தூரத்துக்கு இரும்புக் கறை கறுப்பாகப் பரவியிருந்தது. அந்தப் பலகையை நான் யாருக்கும் தர மாட்டேன், உனக்குக்கூட.

முதல் பலகை விழுந்தபோது நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டுமடி. மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள், அரைத்த மஞ்சளைப் பூசினது போல. பலாவின் வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் நடுக்கட்டையைக் காய்ச்சித்தான் சயாமிலும் பர்மாவிலும் பிக்குகளின் துவராடைக்குச் சாயம் எடுத்தார்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் இந்த மஞ்சள் மெல்ல மெல்லத் தேன் நிறமாகி, வருஷக் கணக்கில் செம்பழுப்பாக ஆகிவிடும். தஞ்சாவூரில் வீணை கடைவதும் இந்த மரத்தில்தான், மிருதங்கமும் இதுதான். கறையான் லேசில் தொடாது. இழைத்தால் பளபளப்பு தானாக வரும். அப்பா தோட்டத்தில் ஆசாரி வேலை பார்த்த காலத்தில் எங்கேயாவது பலாக்கட்டை கிடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சே வேறாக இருக்கும், உனக்கும் நினைவிருக்கும். அவருடைய இழைப்புளியைத்தான் நான் இன்னமும் வைத்திருக்கிறேன்.

சரி, உன் குரல் பதிவுக்கு வருகிறேன். சின்னவள் கல்யாணத்துக்குத் தை மாதத்துக்குள் ஒரு பெரிய துணிப்பெட்டி வேண்டும் என்று கேட்டிருந்தாய். இந்த மரத்தில் செய்யப்போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் தைக்குள் முடியாது. கோபப்படாமல் முழுசாகப் படி.

பெட்டிக்கு வேண்டிய பலகையை இரண்டு அங்குலத் தடிப்பில் அறுத்திருக்கிறேன். காற்றில் காய ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில் கொஞ்சம் முந்தலாம், ஆனால் இங்கே செப்டம்பர், அக்டோபர் மழையும் இருக்கிறது. முனைகளில் பெயிண்ட் அடித்து, இடையிடையே ரீப்பர் வைத்து, மேலே பாரம் ஏற்றி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கியிருக்கிறேன். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அதை அடைக்காவிட்டால் பலகை பிளந்துவிடும். எவ்வளவு காய்ந்தாலும் பினாங்குக் காற்றில் மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கும். சின்னவளோ கோலாலம்பூரில் கொண்டோ வீட்டில் இரவெல்லாம் ஏசி போட்டுத் தூங்கப்போகிறாள். அந்த அறையில் மரம் இன்னும் உலரும், இன்னும் சுருங்கும். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் இழுக்கும். அதுவும் மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாதி காய்ந்ததை இப்போதே பெட்டியாக்கிக் கொடுத்தால் மூடி வளைந்து, மூலைப் பொருத்து வாய் பிளந்து, முதல் வருஷமே அந்தப் பிள்ளைகள் கண்முன்னே அது கெட்டுப்போகும். உன் அம்மா வைத்த மரத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

மரம் உலர்த்தும் அடுப்பில் போட்டுக் காய வைக்கலாமே என்பாய். இங்கே அடுப்பு வைத்திருப்பவர்கள் ரப்பர் மரத்துக்காக வைத்திருக்கிறார்கள். பால் வற்றி 25, 30 வருஷத்தில் வெட்டுகிற மரம் அது. உள்ளே மாவுச்சத்து அதிகம் என்பதால் உடனே மருந்தேற்றிக் காய வைக்காவிட்டால் பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். லோரி லோரியாக வேகிற இடத்தில் என் ஒற்றை மரத்துக்கு யார் அடுப்பு மூட்டுவார்கள்? தடிப்பான பலகையை அவசரமாகச் சூடேற்றினால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு வெடிக்கும்.

ஆனால் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வர மாட்டேன். ஓர் அங்குலப் பலகை சிலவற்றையும் அறுத்து வைத்திருக்கிறேன், அவை தைக்குள் தேறிவிடும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரண்டு மணை. கடையில் மெர்பா மரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், வேண்டாம். நல்ல மரம்தான், 2019-இல் நாட்டின் தேசிய மரமாகவே அறிவித்தார்கள். ஆனால் சரியாகப் பூசாத மெர்பாவில் தண்ணீர் பட்டால் பழுப்புச் சாறு கசியும், பட்டுப்புடவையில் பிடித்தால் போகாது. கல்யாண மணையில் தண்ணீர் படாமல் இருக்குமா? நம் மணைக்கு அடியில் குறுக்குச் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டாமல், பள்ளம் வெட்டி நழுவவிட்டுச் சொருகப்போகிறேன். பலகை சுருங்கட்டும், விரியட்டும், வெடிக்காது. மேலே ஆளிவிதை எண்ணெய் மட்டும். கறுப்பு வார்னிஷ் பூசச் சொன்னால் உன்னோடு பேச மாட்டேன்.

பெட்டி பிறகு வரும். முதல் பிள்ளைத்தாய்ச்சி ஆகும்போது வந்தாலும் வரும், அப்போது வைக்கத் துணியும் நிறைய இருக்கும்.

எனக்கு வேண்டியது மூன்று. சின்னவள் அறையில் பெட்டி வைக்கப்போகிற சுவரின் அளவு, அது ஏசிக்கு நேர் கீழேயா என்ற விவரம். கீழே என்றால் இப்போதே வேறு இடம் பார்க்கச் சொல். மாப்பிள்ளை நல்ல உயரம் என்றாயே, சம்மணம் போட்டு உட்கார வைத்து முட்டிக்கு முட்டி அளந்து அனுப்பு. பெரியண்ணனோடு சண்டைக்குப் போகாதே, அவருக்கும் ஒரு சின்ன முக்காலி செய்யக் கட்டை மிச்சமிருக்கிறது.

உன்,
ஆசாரி மகள்