இரண்டு நாள் பாங்காக்கா? ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு நாளில் பாங்காக்கைச் சுற்றிப் பார்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செலவு விவரங்கள் உதவியாக இருந்தன. ஆனால் அதில் இருந்த பயணத் திட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இருப்பதே இரண்டு நாள். அதில் ஒன்றைக் கடற்கரை நகரான பட்டாயாவுக்குக் கொடுத்துவிட்டால் பாங்காக்குக்கு என்ன மிஞ்சும்? ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குள் பாதி நாள் வேனிலேயே போய்விடும்.

முதல் தடவை போகிறவர்கள் சாவ் பிரயா ஆற்றை ஒட்டியே இருப்பது நல்லது. பழைய நகரம் அந்தக் கரையில்தான் உருவானது. மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கே சுற்றுலாப் படகுக்கான சீட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆரஞ்சுக் கொடிப் படகு எது என்று கேட்டு ஏறுங்கள். உள்ளூர் மக்கள் வேலைக்குப் போய்வரும் படகு அது, கட்டணமும் குறைவு. சாலை நெரிசலும் கிடையாது.

பழைய நகரத்தில் இருக்கும் மன்னர் அரண்மனை (கிராண்ட் பேலஸ்) காலை எட்டரைக்குத் திறக்கும். அப்போதே உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். வெளியே யாராவது நல்லவர்போல வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன்" என்று டுக்டுக்கில் (அந்த ஊர் ஆட்டோவில்) ஏறச் சொன்னால் நிற்கவே நிற்காதீர்கள். அந்த வண்டி ரத்தினக்கல் கடையில்தான் போய் நிற்கும். எத்தனையோ பேர் இப்படிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு வருத்தம்.

அரண்மனை வளாகத்துக் கோயிலில் மரகத புத்தரைக் கும்பிட்டதும் வெளியேறிவிடாமல் சுற்றுப் பிரகாரச் சுவர்களைப் பாருங்கள். 178 பகுதிகளாக ராமாயணம் முழுவதையும் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் ராமகியன் என்ற தாய்லாந்து ராமாயணத்தில் அனுமன் பிரம்மச்சாரி அல்ல, காதலும் பிள்ளைகளும் உண்டு! வெள்ளை நிறத்தில் வரும் அனுமனை ஒவ்வொரு சுவராகத் தேடிப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை என்பேன்.

அப்புறம் நடந்தே வாட் போ கோயிலுக்குப் போய் 46 மீட்டர் நீளச் சயன புத்தரைப் பார்க்கலாம். அருகில் தா தியன் துறையில் படகு ஏறினால் எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். முதல் நாளுக்கு இது போதும்.

மறுநாள் காலை சாம் யோட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி முன்பு கோயில் சடங்கில் ஆடிய ராட்சத ஊஞ்சலுக்கு நடந்து போங்கள். ஊஞ்சலாட்டத்தை 1935-இல் நிறுத்திவிட்டார்கள். சிவப்புத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்திலேயே 1784-இல் மன்னர் முதலாம் ராமா கட்டிய தேவஸ்தானம் என்ற இந்துக் கோயில். சிவன், பிள்ளையார், விஷ்ணு மூவருக்கும் தனித்தனிச் சன்னிதி. மார்கழி, தை ஒட்டி நடக்கும் விழாவில் தாய்லாந்துப் பிராமணர்கள் நம் திருவெம்பாவையை இன்றும் ஓதுகிறார்கள். உச்சரிப்பு மாறியிருக்கிறது, பொருள் அவர்களுக்கே விளங்குவதில்லை, ஆனாலும் தலைமுறை தலைமுறையாக விடாமல் ஓதி வருகிறார்கள். தமிழ் வாசகர்களுக்கான கட்டுரையில் இது விடுபடலாமா?

சைவ உணவுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் பலகை தொங்கும் 'ஜே' என்ற சுத்த சைவக் கடைகளில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமே இந்தியச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளலாம்.

தாய்லாந்து போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே முதல் இது கட்டாயம், முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் இணையதளத்தை உடனே மூடிவிடுங்கள்.

வரும் மார்கழி இதழில் அந்தத் தேவஸ்தான விழாவைப் பற்றி, நேரில் பார்த்தவர் ஒருவரிடம் கேட்டு விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி