வெயிலில் நின்றவனுக்கு வெளிச்ச வைத்தியம்: ஒரு நன்றி மடல்

தோலில் தழும்புபோல வந்த ஒரு புற்றுநோயோடு நான் பட்ட பாட்டில், யாழ்ப்பாணத்திலும் எங்கள் ஊர் நீர்வேலியிலும் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்,

பெயர்களைப் போட்டு எழுதத்தான் ஆசை. ஆனால் ஒளிச்சிகிச்சை அறைத் தாதி மிஸ், "எங்கட பேரைப் போட்டால் அடுத்த முறை உள்ளுக்கு விடமாட்டன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆகவே பெயர் சொல்லாமல் கும்பிடுகிறேன். அவரவருக்கு விளங்கும்.

நான் வாழைத்தோட்டக்காரன். கதலியும் இதரையும் வைத்திருக்கிறேன். நாற்பது வருடமாக மேலில் சேட் இல்லாமல் வெயிலில் நின்ற உடம்பு இது. "உங்களுக்கு வெளிச்சம் பிடிக்க வேணும்" என்று டொக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஐயா, என்னைவிட வெளிச்சம் பிடிச்சவன் நீர்வேலியில இல்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தழும்பெல்லாம் எங்கை இருக்குதெண்டு பாருங்கோ" என்றார். பார்த்தேன். இடுப்பு, பின்பக்கம், தொடையின் உட்புறம், கக்கத்துக்குக் கீழே விலாவில் இரண்டு. சாரம் மூடுகிற இடமும் கை மறைக்கிற இடமும்தான். வெயில் படாத இடமாகப் பார்த்துக் குடியிருக்கிற வருத்தம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அது தொடங்கி அதற்குள் ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலில் மருந்துக்கடையில் படைக்குப் பூசுகிற களிம்பு தந்தார்கள். அப்புறம் ஓரிடத்தில் எக்ஸிமா என்றார்கள். அந்த இடத்தின் பெயர் இப்போது எதற்கு? பூசினால் மங்கும், விட்டால் திரும்பி வரும். இதற்குள் ஊரில் குட்டம் என்று ஒரு கதை கிளம்பிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் எனக்கென்று ஒரு கிளாஸ் தனியாக ஒதுங்கியதைக் கண்டும் காணாதமாதிரி இருந்தேன். தோல் கிளினிக்கில் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி எல்லாம் சரியாக இருக்கிறது, இது குட்டமில்லை என்று சொன்ன அன்று, வேறு என்ன வருத்தமாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்திருக்கக்கூடாதுதான்.

முதல் நன்றி அந்தத் தோல் வைத்தியருக்கு. முதல் முறை வெட்டி அனுப்பிய தோல் துண்டில் தெளிவாக ஒன்றும் பிடிபடவில்லை. வேறு ஒருவரென்றால் இன்னொரு களிம்பு எழுதித் தந்து அனுப்பியிருப்பார். இவர், எல்லாக் களிம்பையும் சில கிழமை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். களிம்பு பூசிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது மறைந்துபோகுமாம். இரண்டாவது துண்டில் தெரிந்தது. குருதியில் இருக்கிற வெள்ளைக் கலங்களில் ஒரு வகையான ரி-கலங்கள் கெட்டுப்போய், மேற்தோலுக்குள் வந்து வரிசை பிடித்து நிற்கின்றன. தோலில் வருகிற லிம்போமா, அதாவது அந்த வெள்ளைக் கலங்களில் வருகிற புற்றுநோய். அந்தக் கண்ணாடித் துண்டைக் குனிந்து பார்த்துச் சொன்னவரின் முகத்தை நான் கண்டதே இல்லை. அவருக்கும் நன்றி.

இந்த வருத்தத்தின் பெயர் மைக்கோசிஸ் ஃபங்கோய்டஸ். பெயரில் பூஞ்சணம் இருக்கிறது, வருத்தத்தில் இல்லை. 1806 இல் அலிபேர் என்ற பிரெஞ்சு வைத்தியர், முற்றிப்போன ஒருவரின் உடம்பில் காளான்போல எழும்பிய கட்டிகளைப் பார்த்து, பிறகு அந்தச் சாயலில் இந்தப் பெயரை வைத்தாராம். நானோ பூஞ்சணக் களிம்பை மாதக்கணக்கில் பூசியவன்.

புற்றுநோய் என்ற சொல் விழுந்ததும் என் மனுசி அந்தக் கதிரையிலேயே அழத் தொடங்கிவிட்டாள். டொக்டர் என் கையைப் பிடித்து விரித்தார். விரலோடு சேர்த்து ஒருவரின் உள்ளங்கை அவருடைய உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. என் கையை வைத்துத் தழும்புகளை அளந்தார். எட்டுக் கை. பத்துக்குக் குறைவென்றால் முதல் படி. நெறி கட்டவில்லை, இரத்தமும் நல்லது. இந்தப் படியில் பிடிபட்டவர்களில் பெரும்பாலானோர் மற்றவர்களைப்போலவே தங்கள் ஆயுளை வாழ்கிறார்கள் என்று மனுசியைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யாருக்கு அது தேவை என்று அந்த மனிசனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகுதான் வெளிச்சம். 2022 பங்குனியில் தொடங்கினார்கள், கிழமைக்கு மூன்று நாள். ஆளுயர அலுமாரி ஒன்று, உள்ளே சுற்றிவர ரியூப் லைற். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குத் துணி, மறைக்க வேண்டியதற்கு மறைப்பு. மற்றபடி பிறந்தமேனி. முதல் நாள் ஒரு நிமிடம்கூட இல்லை. இவ்வளவுக்குத்தானா பஸ் ஏறி வந்தேன் என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்து, சிவக்காவிட்டால் கொஞ்சம் கூட்டுவார்கள். எத்தனை செக்கன் என்பதெல்லாம் மிஸ்ஸின் கொப்பியில் இருக்கும்.

"தோட்டத்திலை சாரத்தை அவிட்டுப்போட்டு நிண்டால் காணாதோ?" என்று மிஸ்ஸிடம் கேட்டேன். வெயில் எல்லாக் கதிரும் கலந்தது, இன்றைக்கு எவ்வளவு பட்டது என்று அளக்க முடியாது, அளவு மீறினால் பொசுக்கும். இந்த விளக்கு 311 நானோமீற்றர் அளவில் புறஊதாக் கதிரை மட்டும் தரும். அது ஆழமாகப் போகாது, மேற்தோலில் நிற்கிற அந்தக் கெட்ட கலங்களைச் சாகவைக்கும். தடிப்பு ஆழமாக இருந்தால் குளிசை போட்டுவிட்டு வேறு கதிர் பிடிக்க வேண்டுமாம், எனக்கு அது தேவைப்படவில்லை. கம்பஸில் விஞ்ஞானம் படிக்கிற மகள், தோலில் வந்த காசநோய்க்கு வெளிச்சத்தால் வைத்தியம் செய்த டென்மார்க் நாட்டு நீல்ஸ் பின்சனுக்கு 1903 இலேயே நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று சொன்னாள். சரி, ஊருக்குள் வந்து சேர நேரம் எடுத்திருக்கிறது.

பொருளாதார நெருக்கடி வந்த அந்த 2022 எப்படிப்பட்ட வருடம் என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஒருநாள் நான் அலுமாரிக்குள் நிற்கும்போதே கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டில், கறுப்புக் கண்ணாடியோடு, அந்தக் கோலத்தில். மிஸ் வெளியே நின்று, "அசையாதேங்கோ அண்ணை, எத்தினை செக்கன் போனதெண்டு குறிச்சிட்டன்" என்றார். ஜெனரேற்றர் வந்ததும் மிச்சத்தை மட்டும் பிடித்தார். கரண்ட் வெட்டுகிற நேரத்தைப் பார்த்து எங்கள் முறைகளை அவர் மாற்றி மாற்றி எழுதியதை நினைத்தால், ஒரு கொப்பிக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா என்று தோன்றும்.

பஸ் இல்லாத நாட்களில் கோப்பாய் வழியாகச் சைக்கிளில் போனேன். வெளிச்சம் பிடித்த நாளில் மேலதிக வெயில் படக்கூடாது என்பதால், திரும்பும்போது நீளக்கைச் சேட்டும் தொப்பியும். என் வயதுக்காரர்கள் "மாப்பிள்ளை எங்கை போட்டு வாறார்?" என்று பகிடி பண்ணினார்கள்.

தோட்டத்தை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. மண்ணெண்ணெய் இல்லாமல் இறைக்கிற மெசின் நின்றுபோனது. வாழைக்குத் தண்ணி தவறினால் குலை சிறுக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெடியள் மூன்று பேர், கரண்ட் வருகிற நேரம் நடுச்சாமமோ விடியப்புறமோ, தங்களுடைய மோட்டரால் என் பாத்திக்கும் இறைத்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. காலையில் போனால் மண் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். அதில் ஒருவனோடு எனக்கு எல்லை வேலிச் சண்டை இருந்தது. இன்னும் இருக்கிறது. அது வேறு.

நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று வருடமாக நான் போகவில்லை. வேட்டியோடு மேலைத் திறந்துகொண்டு போனால் விலாத் தழும்பு தெரியும். அந்த வருடம் தேருக்கு முன்னரே அவை மங்கிவிட்டன. பூசையில் நின்று சந்தனமும் திருநீறுமாக நேரே சிகிச்சைக்குப் போய்விட்டேன். பூசியிருந்தால் வெளிச்சம் சமனாகப் படாது என்று மிஸ் கழுவ அனுப்பினார். அங்கப்பிரதட்சணை செய்யட்டோ என்று கேட்டதற்கு, "முருகன் கோவிக்கமாட்டார், நான் கோவிப்பன்" என்றார்.

மொத்தம் 46 முறை. அதன்பிறகு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். உடம்பு நன்றாகக் கறுத்தது, அதுவும் பிறகு தெளிந்தது. முழுதாகப் போய்விட்டது என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. போன வருடம் இடுப்பில் ஒரு ரூபாய்க் குற்றியளவில் ஒன்று எட்டிப் பார்த்தது. களிம்போடு அடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டப் போகிறேன்.

அடுத்த கிளினிக்குக்கு இதரைக் குலை ஒன்று பழுக்கப் போட்டிருக்கிறேன். மிஸ் இந்த முறையும் வாங்கமாட்டேன் என்று சொன்னால், வாசலில் நிற்கிற காவலாளி அண்ணையிடம் கொடுத்துவிட்டு வருவேன். அந்த வருடம் முழுக்க என் சைக்கிளை நிழலில் எடுத்து வைத்தவர் அவர். அவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்று இந்த இடத்தில்தான் ஞாபகம் வருகிறது.

இப்படிக்கு,
நீர்வேலி வாழைத்தோட்டக்காரன்