இரண்டாவது விண்டோ

அன்புள்ள சங்கர்,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் அப்புறம் திட்டிக்கொள். இப்போது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, நீதான் நீதிபதி.

நாங்கள் செய்யும் டெக்ஸ்ட் எடிட்டர் மென்பொருளை ஒருவர் இரண்டு மானிட்டரில் இரண்டு விண்டோவாகத் திறந்து வைத்திருக்கிறார். ஒன்றில் எழுதுகிறார், மற்றதில் ஏதோ ப்ரோக்ராம் ஓடியபோது பதிந்த நீளமான லாக் படிக்கிறார். லாக் பக்கம் எழுத்தைச் சிறிதாக்கினால் எழுதும் பக்கமும் சிறிதாகிவிடுகிறது. கோபமாக ஒரு மெயில். உடனே நம் பாஸ்கர், விண்டோவுக்கு விண்டோ செட்டிங்ஸைப் பிரித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டான். அவன் கிளம்பினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்த பதிப்பைச் சிலருக்குக் கொடுத்ததும் அடுத்த புகார்: "டார்க் தீம் வைத்தேன், அடுத்த விண்டோ வெள்ளையாகத் திறக்கிறது, செட்டிங்ஸ் சேவ் ஆகவில்லை."

இருவர் சொல்வதும் நியாயம்தான். பொதுவா, தனித்தனியா என்று மொத்தமாகக் கேட்பதுதான் வம்பு. தீம், ஷார்ட்கட், மொழி எல்லாம் ஆளுடைய விருப்பம். எந்த விண்டோவிலும் மாறக்கூடாது. விண்டோவின் அளவு, ஸ்க்ரோல் நிற்கும் இடம், பக்கவாட்டுப் பட்டை திறந்திருக்கிறதா என்பது அந்தந்த விண்டோவின் நிலை. டேப் எத்தனை ஸ்பேஸ் என்பது இரண்டிலும் சேராது, அது ப்ராஜெக்டோடு போக வேண்டியது. மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர், யூசர் செட்டிங்ஸுக்கு மேல் வொர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸ் என்று ஒன்றை வைத்திருப்பது இதற்காகத்தான். லினக்ஸ் பக்கம், எந்த ஃபைல் எந்த டைரக்டரியில் இருக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி விதிகளில்கூட, 2021-இல்தான் கான்ஃபிக்கிலிருந்து (அதாவது செட்டிங்ஸிலிருந்து) பிரித்து 'ஸ்டேட்' என்று தனி டைரக்டரி கொடுத்தார்கள். லேஅவுட், திறந்திருந்த ஃபைல்கள், அன்டூ வரலாறு எல்லாம் அங்கே போகலாம். அதுவரை இவற்றுக்கென்று தனி இடம் கிடையாது.

எழுத்தின் அளவுதான் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. என் தீர்ப்பு இது: செட்டிங்ஸில் போடும் அளவு எல்லா விண்டோவுக்கும் பொது. கன்ட்ரோலும் ப்ளஸ்ஸும் அழுத்திப் பெரிதாக்குவது அந்த விண்டோவுக்கு மட்டும், மூடினால் போய்விடும். கடைசியாக மூடிய விண்டோவின் ஜூமோடுதான் அடுத்தது திறக்க வேண்டும் என்கிறான் பாஸ்கர். லாக் படித்து முடித்து மூடியவர் மறுநாள் எறும்பு சைஸ் எழுத்தைப் பார்த்து யாரைத் திட்டுவார்? சமரசமாக, ஒவ்வொரு ஆப்ஷனுக்குப் பக்கத்திலும் 'எல்லா விண்டோவுக்கும்' என்று ஒரு டிக் பாக்ஸ் வைக்கலாமாம். நாம் முடிவெடுக்கத் தெரியாமல் அதைப் பயனர் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, சங்கர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்தச் சண்டையில் யாரும் கண்டுகொள்ளாத பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. எங்கள் எடிட்டரில் ஒவ்வொரு விண்டோவும் தனி ப்ராசஸ், அதாவது தனித்தனியாக ஓடும் ப்ரோக்ராம். திறக்கும்போது செட்டிங்ஸ் ஃபைலை முழுதாகப் படிக்கிறது, மூடும்போது முழுதாக எழுதுகிறது. இரண்டு விண்டோ திறந்திருக்கிறது. முதல் விண்டோவில் தீம் மாற்றி மூடுகிறாய். இரண்டாவதில் எதையும் தொடவில்லை, சும்மா மூடுகிறாய். அது தன் கையில் இருந்த பழைய நகலை மேலே எழுதிவிடும், தீம் காலி. பாஷ் ஷெல்லில், பழைய கமாண்டுகளை அழிக்காமல் பின்னால் சேர்க்கச் சொல்லும் ஹிஸ்ட்அப்பெண்ட் ஆப்ஷனைப் போடாமல், இரண்டு டெர்மினல் வைத்துக் கமாண்ட் ஹிஸ்டரியைத் தொலைத்தவர்களுக்கு இந்த வலி தெரியும். ஆக, பொது என்று முடிவெடுத்தால் மட்டும் போதாது. மாற்றின உடனே, மாற்றின ஒன்றை மட்டும், வேறு விண்டோ எழுதாதபடி ஃபைலைப் பூட்டி, திரும்பப் படித்து, தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். மற்ற விண்டோக்களுக்கும் தகவல் போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: இரண்டிலும் செட்டிங்ஸ் டயலாக் திறந்திருக்கிறது, ஒன்றில் ஓகே கொடுத்தாயிற்று, மற்றதில் கேன்சல். அந்தக் கேன்சல் எந்த மதிப்புக்குத் திரும்ப வேண்டும்? புதியதற்கு என்கிறேன் நான். பாஸ்கர் இன்னும் யோசிக்கிறான், அதுவே அதிசயம்.

நீ எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரே மெஷினில் நிலையான பதிப்பையும் சோதனைப் பதிப்பையும் வைத்திருப்பவர்களை என்ன செய்வது? ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல், 67-ஆம் பதிப்பில், ஒவ்வொரு இன்ஸ்டலேஷனுக்கும் தனி ப்ரொஃபைல் என்று பிரித்துவிட்டது. பத்திரம்தான், ஆனால் இரண்டாவதைத் திறந்தால் புக்மார்க் ஒன்றும் இருக்காது. இரண்டு பதிப்பும் ஒரே செட்டிங்ஸ் ஃபைலைப் பகிரலாம் என்றால், எங்கள் பழைய பதிப்பு தனக்குத் தெரியாத கீயை, அதாவது செட்டிங் பெயரைப் பார்த்தால் சேவ் செய்யும்போது தூக்கி எறிந்துவிடும். தெரியாததை அப்படியே விட்டுவிடும்படி திருத்தினால் போதுமா, இல்லை ஃபைலையே பிரித்துவிடட்டுமா? அந்த ஃபைல் படிக்கிற கோடு உன் கைவண்ணம்தான், கமெண்ட் ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
மீனா