அறிவிப்பு எழுதும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு வந்த பட்டா விசாரணை அறிவிப்பு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். முன்பக்கத்தில் தொடங்கிய அதன் ஒரே வாக்கியம் பின்பக்கத்தில் முடிந்தது. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் எங்கள் ஊர் அம்மா ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டிய பையன், ‘நேரில் ஆஜராகி அசல் ஆவணங்களைக் காட்ட’ என்பதோடு பக்கம் முடிந்ததால் நிறுத்திவிட்டான். அன்றைய கூலியை விட்டு, முதல் பேருந்தில் சேலத்துக்கு இறங்கி, மாலைவரை வராந்தாவில் காத்திருந்த பிறகே, பின்பக்கத்தின் கடைசிச் சொல் ‘தேவையில்லை’ என்பது அவருக்குத் தெரிந்தது.

வாக்கியம் நீளம் என்று முறையிட்டோம். செவிசாய்த்தமைக்கு நன்றி. அடுத்த அறிவிப்பு இப்படி வந்தது: ‘மனுக்கள் பெறப்பட்டன. பரிசீலிக்கப்பட்டன. மேல்நடவடிக்கை தொடரப்படும்.’ யாருடைய மனு, யார் எங்கே வரவேண்டும் என்பது மட்டும் இல்லை. முதல் அறிவிப்பில் முற்றுப்புள்ளிக்கு நிதி ஒதுக்கப்படவில்லை போலும். இரண்டாவதில் நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்திருக்கிறார்கள்.

படிப்பவர் சொற்களை எண்ணி நீளத்தை அளப்பதில்லை. வினைமுற்று வரும்வரை எவ்வளவை மனத்தில் சுமக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு நீளமாக வாக்கியம் அவருக்குத் தோன்றுகிறது. தமிழில் வினை கடைசியில் நிற்பதால், வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அங்கேதான் தெரியும். வந்து, பட்டியலைப் பார்த்து, கையெழுத்திட்டு, நகலை வாங்கிச் செல்லலாம் என்று எச்சங்கள் செயல் நடக்கும் வரிசையிலேயே வந்தால் நீண்ட வாக்கியமும் களைப்பில்லாமல் போகும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே அரசாணை எண்ணையும் பிரிவையும் உட்பிரிவையும் திணித்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதியிருப்பதால், எங்கே இருக்கிறோம் என்றாவது பயணிக்குத் தெரிகிறது.

இனி வாக்கியத்துக்கு இத்தனை சொற்கள் என வரம்பு வரும் என்கிறார்கள். எழுத்துநடை ஆய்வாளர் ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் வெளியிட்ட வாசிப்பு எளிமைச் சூத்திரம் சொற்களையும் அசைகளையும் எண்ணுவது ஆங்கிலத்துக்காக. ஆங்கிலம் நான்கைந்து சொற்களில் சொல்வதை ஒரே சொல்லில் ஒட்டிவிடும் தமிழுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. தமிழில்தான் எழுதுகிறீர்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான் திணறுகிறார்.

பொறுத்தருள்க, கேட்க வந்தது இவ்வளவே. யார், என்று, எங்கே வரவேண்டும், அல்லது வரவேண்டாம் என்பதை முதல் வாக்கியத்திலேயே முடித்துவிடுங்கள். அரசாணை எண்கள் பின்னால் எவ்வளவு நீளமாகவும் வரட்டும். அடுத்த அறிவிப்பை அனுப்புமுன், அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டி, வரவேண்டுமா வேண்டாமா என்று அவரையே கேட்டுப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மலைக் கிராமத்தில் கடிதம் படித்துச் சொல்லும் ஒருவர்