ரேடியோ எந்த பேட்டரியில் ஓடணும்? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கேம்பர் வேனுக்கு (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வசதியுள்ள வேன்) புது ரேடியோ கேட்டு வருபவர்களிடம், "எந்த பேட்டரியில் ஓடணும்?" என்று முதலில் கேட்கிறோம். பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகுவதற்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அதற்குத்தான் இந்த விளக்கம்.

கேம்பர் வேன்களில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினைக் கிளப்ப, மற்றது விளக்கு, பிரிட்ஜ், தண்ணீர் பம்புக்கு. ரேடியோ வழக்கமாக இன்ஜின் பேட்டரியில்தான் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்டால் காலையில் இன்ஜின் முரண்டு பிடிக்கலாம். அதனால்தான் சிலர் ரேடியோவை இரண்டாவது பேட்டரிக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

புது ரேடியோவின் பின்னால் மூன்று வயர்களைக் கவனியுங்கள். மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். கறுப்பு, எர்த். இரண்டாவது பேட்டரிக்கு மாற்றுகிறவர்கள் பலர் சிவப்பை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள். ஸ்பீக்கருக்குப் போகிற மின்சாரம் பெரும்பாலும் மஞ்சளில்தான் வருகிறது. சிவப்பு, ரேடியோவை எழுப்புவதோடு சரி. ஆகவே மஞ்சளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ரேடியோவில் உள்ள அதே அளவு பியூஸ் ஒன்றை (பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர்) பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். நடுவில் எங்காவது வயர் உரசினாலும் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

சிவப்பு வயருக்கு, நடுவில் 'ஆஃப்' நிலை உள்ள இருவழி சுவிட்ச் நல்லது. ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் இரண்டாவது பேட்டரி. இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் அந்த வழியாக வண்டியின் மற்ற சர்க்யூட்டுகளுக்கு மின்சாரம் பின்னோக்கிப் பாயும்.

அப்புறம், மேலே சொன்ன நிறங்கள் ரேடியோ பக்கத்து வயர்களுக்கு மட்டும். வண்டிப் பக்கத்து நிறத்தை நம்ப வேண்டாம், மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) நம்புங்கள். வண்டிப் பக்கத்தில் ரேடியோவை இணைக்கும் பொதுத் தர ஐஎஸ்ஓ சாக்கெட்டில் நிரந்தர மின்சாரம் 4-ஆம் பின்னில், சாவி மின்சாரம் 7-ஆம் பின்னில் வர வேண்டும். ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ். ஒவ்வொரு முறை சாவியை எடுத்ததும் நேரமும் நிலையங்களும் அழிந்துபோனால் இந்த இடமாற்றத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வண்டி சாக்கெட்டையும் ரேடியோவையும் இணைக்கும் அடாப்டரில் மஞ்சள், சிவப்பு வயர்களை மாற்றிச் செருகினால் தீர்ந்தது. புதிய வேன்கள் சிலவற்றில் சாக்கெட்டில் சாவி மின்சாரமே இருக்காது. அதற்கு, சாவி போட்டதை வண்டியின் தகவல் வயரிலிருந்து (கேன்பஸ்) அறிந்து ரேடியோவுக்குச் சொல்லும் தனி கேன்பஸ் அடாப்டர் தேவைப்படும்.

ஸ்பீக்கர் மைனஸ் வயர்களை ஒன்றாகவோ எர்த்திலோ சேர்க்காதீர்கள், ரேடியோவின் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) கெட்டுவிடும். எஃப்எம் இரைந்தால், ஆன்டெனாவில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் இருக்கிறதா, நீல வயர் அதற்குப் போகிறதா என்று பாருங்கள்.

ஆர்டர் தரும்போது வண்டியின் மாடல், ஆண்டு, பழைய ரேடியோவின் பின்பக்க சாக்கெட்டின் போட்டோ மூன்றையும் அனுப்புங்கள். பொருத்தமான அடாப்டரையும் ரேடியோவோடு எடுத்து வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடையினர்