வசனம் மறந்த கணவனின் நன்றி மடல்

நாடகத்துக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் தூரத்திலிருந்தே உதவியவர்களுக்கும்,

மேடையை விட்டு இறங்கி இரண்டு நாள் ஆகிறது. கை நடுக்கம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. திரை தூக்க மூன்று மணி நேரம் இருக்கும்போது கணவனாக நடிக்க வேண்டியவருக்குக் குரல் போய், அவர் இடத்தில் நான் மேடையேறியது உங்களுக்கே தெரியும், அதை மறுபடி கிளறப் போவதில்லை. அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. ஆனால் இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாதாம், வீட்டில் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டித்தான் காரியம் நடக்கிறது. நம் நாடகத்தின் மூன்றாம் காட்சியும் அதுதானே என்று அவர் மனைவி போனில் சொல்லிச் சிரித்தார்.

எழுதியவன் நான், இயக்கியவனும் நான். "எல்லாம் என் கையால எழுதின வரி, எனக்கு எதுக்கு பிராம்ப்ட்டர்?" என்று மேக்கப் போடும்போது சத்தமாகவே சொன்னேன். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கும் அந்த வேலைக்காக, சைடு விங்கில் (மேடையோர மறைவில்) பிரதியும் சின்ன டார்ச்சுமாக உட்கார்ந்திருந்த அண்ணன் காதிலும் அது விழுந்தது. பதிலே பேசவில்லை. நாற்காலியை மட்டும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் காட்சியில் மனைவி மூச்சுவிடாமல் அரைப் பக்கம் பேசிவிட்டு, "சரி, இப்ப நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க பார்ப்போம்" என்பார். கணவன் எதையும் காதில் வாங்கவில்லை என்பதுதான் நகைச்சுவை. எனக்கோ நிஜமாகவே எதுவும் நினைவில்லை. அவர் சொன்னதும் இல்லை, நான் சொல்ல வேண்டியதும் இல்லை. ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் என் வரி மேல்தான் இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையை மெல்ல உயர்த்தி, இரு என்று காட்டினார்.

ஓடிப்போய் அவரைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. அப்போது முன்வரிசையில் ஓர் அம்மாள் களுக்கென்று சிரித்தார். அவருக்குப் பின்னால் இருமல் கலந்த ஒரு சிரிப்பு. அப்புறம் அரங்கம் முழுக்க. நான் திருதிருவென்று விழித்ததை நடிப்பு என்று நினைத்துவிட்டீர்கள்! சிரிப்பு ஏறி, இறங்கி, அடங்கப் போகிற நேரத்தில் அண்ணன் ஒரே ஒரு சொல்லை என் பக்கம் தள்ளினார்: "சாவி". மிச்சம் தானாக வந்தது.

உடனே எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தச் சிரிப்பே பிறந்திருக்காது. நடுவில் கொடுத்திருந்தால் வசனம் சிரிப்பில் அமுங்கியிருக்கும். முழுசாக அடங்கவிட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டது தெரிந்திருக்கும். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத தம்பதியைப் பற்றி நாடகம் எழுதியவன் நான். ஆறு வாரம் ஒத்திகையில் அதைக் காதுகொடுத்துக் கேட்டது அவர். அண்ணே, மேக்கப் அறையில் பேசியதற்கு மன்னிச்சிடுங்க.

வேறு சிலரும் உண்டு. தன் வசனத்தால் அந்த இடைவெளியை நிரப்பாமல் என்னை முறைத்தபடியே நின்ற 'மனைவி', எனக்குப் பொருந்தாத சட்டையை ஊசி குத்தியே பொருத்தியவர், தாமதத்துக்கு வாசலில் திட்டு வாங்கிய பிள்ளைகள், அரை மணி நேரம் எழுந்து போகாமல் இருந்த நீங்கள். எல்லாருக்கும் நன்றி.

என் நிஜ மனைவிக்குத் தனியாக ஒரு வாக்கு. போனைப் பார்த்துக்கொண்டே "ம்... கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பதை இன்றோடு நிறுத்துகிறேன். அந்த வசனம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தபடி அவர் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் அண்ணன் பிரதியைத் திருப்பித் தந்தார். சிரிப்பு வரும் இடமெல்லாம் பென்சிலில் சின்ன வட்டம். அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு குறிப்பு: "எடுத்துக் கொடுக்க வேண்டாம். 9 விநாடி." அடுத்த மேடையேற்றத்துக்குப் பிரதியை அப்படியே திருத்திவிட்டேன். நாற்காலி இருந்த இடத்திலும் சாக்பீஸால் குறி போட்டு வைத்திருக்கிறேன்.