காற்றுக்குத் தப்பிய மரங்களை மொட்டையடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் விடியற்காலையில் அடித்த சுமத்ரா காற்றில் எங்கள் அடுக்குமாடி முன்னால் ஓர் அங்சானா மரம் வேரோடு சாய்ந்தது. பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பெரிய கிளை முறிந்து தொங்கியது. சாய்ந்ததை அறுத்து அகற்றியது சரிதான். ஆனால் வந்த குத்தகை ஆட்கள் அதோடு நிற்காமல், அந்த வரிசையில் பாதி மரங்களை இலை மிச்சமில்லாமல் மொட்டையடித்துவிட்டுப் போனார்கள்.

நான் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். பட்டையைத் தாண்டிக் கத்தி கட்டையில் பட்டால் கங்காணி சும்மா விடமாட்டார். பட்டைக்கு அடியில் ஈரமாக இருக்கும் மெல்லிய தோல் பிழைத்தால்தான் புதுப்பட்டை ஒழுங்காக வளரும். அதில் காயம் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். ரோட்டோர மரமும் அப்படித்தான்.

கனமான கிளையை மேலிருந்தே அறுத்தால், பாதியில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தூங்குமூஞ்சிக்கு அதுதான் நடந்தது. ஒரு முழத்துக்குப் பட்டை கிழிந்து தொங்குகிறது. முதலில் அடிமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிளையின் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு. அப்புறம் அதற்கும் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கவேண்டும். மிஞ்சிய கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் வளையம்போல் புடைத்திருக்கும் பகுதியைத் தொடாமல் எடுக்கவேண்டும். அந்தப் புடைப்புதான் வளர்ந்து காயத்தை மூடும். வெட்டிய இடத்தில் தாரும் பெயிண்டும் பூசவேண்டாம்.

மொட்டையடித்தால் காற்று பிடிக்காதாம். கொஞ்ச நாளைக்குத்தான்! வெட்டிய முனையில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு உள்மரத்தில் பிடிப்பில்லை. முனையும் உளுத்துப்போகும். கிளை கனத்ததும் காற்றில் அவைதான் முதலில் முறியும்.

சாய்ந்த அங்சானாவின் வேரைப் போய்ப் பார்த்தேன். கால்வாய்ப் பக்கத்து வேர்கள் எப்போதோ வெட்டப்பட்டு, நுனி கறுத்துக் கிடந்தன. பிடிமானமே இல்லாத மரம் எப்படி நிற்கும்?

2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் விழுந்து ஒருவர் இறந்தார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான், ரம்பம் வருவதற்கு முன் மரம் தெரிந்த ஒருவர் வந்து வேரையும் அடிமரத்தையும் பார்க்கட்டும் என்கிறேன். ஆபத்தான மரம் போகட்டும், நல்ல மரம் நிற்கட்டும்.

மீதி வரிசையை வெட்ட அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பொறுப்பில் உள்ளவர்கள் ஆள் அனுப்பவேண்டும். தூங்குமூஞ்சியில் கிழிந்த பட்டையின் ஓரத்தையும் சுத்தமாகச் சீவிவிடச் சொல்லுங்கள்.

முன்னாள் தோட்டத் தொழிலாளி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு